ஈரம் காய்வதற்குள்

கிழக்குக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் எங்கள் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு ஆசைதான். கையில் அகப்பட்டது வெறும் கல்லாக இருக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறை ராத்திரியோடு ராத்திரியாக இடிந்து விழுந்திருக்கும், கரையோரக் கடல் பாலாக வெளுத்திருக்கும், அதிலிருந்து புரண்டு வந்ததையெல்லாம் வாரிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். டைனோசர் முட்டை என்பார்கள். கல்லாகிப்போன மனிதக் கால் என்பார்கள். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, சிக்கிமுக்கிக் கல் என்பேன். பெரும்பாலும் அதுதான். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தொங்குவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

என் பெயர் வீப்கே. ஜெர்மனியின் வடக்கே ரூகன் தீவில், பாறையின் அடிவாரத்தில் கரைப்பாதை தொடங்கும் இடத்தில், ஹார்ட்முட்டின் மீன் பன் கடையை ஒட்டி என் மேஜை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் கல் அத்தை. கல்லுக்குப் பெயர் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. பதிலுக்கு அவர்கள் பொறுக்கியதில் ஒன்றை என் கோட்டுப் பையில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் ஆரம்பித்தார்களோ, வழக்கமாகிவிட்டது. நான் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் கை பைக்குள் நுழைந்து வெளியே போகும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சாயங்காலம் வீட்டு வாசலில் பைகளைக் கவிழ்த்தால் ஈரக் கல்லும் பாசியும் மணலுமாகக் கொட்டும்.

"அது கோட்டா, மூட்டையா?" என்பான் ஹார்ட்முட். "ஜிப்பும் பாதியில மாட்டிக்குது. என்னைக்காச்சும் கடல்ல விழுந்தா கல்லோட கல்லா அடியில போய் உக்காந்துக்குவ."

"நீ விக்கிற மீனுக்கு நான் கடலுக்கு அடியிலயே இருந்துக்கலாம். நாத்தமாவது இருக்காது."

இப்படித்தான் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் எங்களுக்குப் பொழுது போகும்.

என் மேஜையின் மூலையில் காலி மீன் டின்கள் அடுக்கியிருக்கும். அம்பர், அதாவது கல்லாகிப்போன மஞ்சள் மரப்பிசின், தேட வந்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், மறுபேச்சில்லாமல் ஒரு டின்னைக் கையில் திணிப்பேன். மஞ்சளாக எது கிடைத்தாலும் டின்னில் போடு, சட்டைப் பையில் போடாதே என்பேன். சண்டைக் காலத்துக் குண்டுகளில் அடைத்திருந்த பாஸ்பரஸ் இன்னும் இந்தக் கடலுக்குள் கிடக்கிறது. புயல் அடித்தால் துண்டு துண்டாகக் கரையேறும். பார்த்தால் அச்சு அசல் அம்பர்தான். ஈரமாக இருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். உடம்புச் சூட்டில் காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும், தட்டினால் கையிலும் ஒட்டிக்கொண்டு எரியும். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை இந்தப் பாதை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பேன்ட் பையில் வைத்திருந்தார். அவர் தொடையை நான் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்று அக்டோபர் மாதத்துத் தெளிவான நாள். ஃபால்க் என்று ஒருவர், லைப்ஸிக் பக்கத்துக்காரர், பெரிய சக்கரம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டிக்குள் கம்பளிக்கு நடுவே கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு வயதுப் பெண், பெயர் யெட்டா. சிவப்புத் தொப்பி, முன்பல் ஒன்று இல்லை.

"எல்லாத்தையும் தம்பிகிட்டதான் குடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லி, குழந்தையின் காலடிக் கம்பளிக்குள் கையை விட்டாள். "அவன்தான் காவல்."

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். முதல் கல்லைத் தொட்டதுமே சொன்னேன், சிக்கிமுக்கி. வெளியே வெள்ளைத் தோல், உடைந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி. இரண்டாவதும் அதுதான். மூன்றாவதில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓட்டை இருந்தது.

"இது கோழிச்சாமி. கயித்துல கோத்துக் கூண்டுல தொங்கவிட்டா கோழிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இங்க சொல்வாங்க."

"எங்க வீட்ல கோழி இல்லயே."

"தம்பி இருக்கான்ல. வண்டில கட்டு."

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. நாலாவது, துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் தேன் நிறக் கல். எங்கள் ஊரில் இடிமுளை என்போம். இடி விழுந்த இடத்தில் முளைப்பது என்று பழைய ஆட்கள் நினைத்தார்கள், உண்மையில் அது கணவாய் போன்ற ஒரு ஜீவனின் உடம்புக்குள் இருந்த முள். ஐந்தாவதாக அவள் அப்பா தன் கையிலிருந்து ஒன்றை நீட்டினார். கல்லாய்ப்போன கடல்முள்ளெலி. ஐந்து வரிசைப் புள்ளிகளும் தேயாமல், முழுசாக இருந்தது.

"எங்க எடுத்தீங்க?"

"அந்தப் பக்கம். பாறை புதுசா இடிஞ்சு விழுந்திருக்குல்ல, அதுக்குக் கீழ."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கைக்குழந்தையோடயா? நேத்து மழ பெஞ்சு ஊறிப்போய் நிக்குது. மேலேர்ந்து சின்னச் சின்னதா உதிர்றது காதுல விழலயா உங்களுக்கு?"

நான் அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது யெட்டா மேஜை ஓரத்தில் இன்னொன்றை வைத்தாள். "இது?"

கண்ணோரத்தில் மஞ்சளாக, ஈரமாக, மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ தெரிந்தது. பக்கத்தில் தேன் நிற இடிமுளை கிடந்தது. உடைந்த துண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"அதுவும் இடிமுளதான், கண்ணு. ஒடஞ்சது" என்றேன். தொட்டுப் பார்க்கவில்லை.

ஃபால்க் பேச்சை மாற்றப் பார்த்தார். "இங்க அம்பர் எல்லாம் கெடைக்குமா?"

நானும் அந்தப் பேச்சுக்கு மாறிவிட்டேன். கேள்வி கேட்டால் போதும் எனக்கு. கல் என்றால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அம்பர் இதமாக இருக்கும், மரப்பிசின் அல்லவா என்றேன். "இன்னொரு வழி, பல்லுல தட்டிப் பாக்கலாம். கல்லுன்னா டிங்னு கேக்கும். அம்பர்னா மொத்துன்னு இருக்கும்." சொல்லிக்கொண்டே யெட்டாவின் கன்னத்தைத் தட்டினேன். அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கல் அத்த, உங்க கை சில்லுன்னு இருக்கு."

"எனக்கு எப்பவும் அப்படித்தான்."

அவர்கள் அம்பர் தேடவில்லை, சும்மாதான் கேட்டார் என்பதால் டின் கொடுக்கவில்லை. அவர்கள் கற்களை வாரிக்கொண்டு கிளம்புவதற்குள் அடுத்தவர்கள் வந்துவிட்டார்கள், மடி நிறையக் கல்லோடு ஒரு தம்பதி. எல்லாமே சிக்கிமுக்கி என்று கேட்டு அவர்கள் வாடிப்போய் நகர்ந்ததும், பூண்டு வாடை வந்தது.

"ஹார்ட்முட், மீனுல என்னத்த ஊத்துற? பூண்டு நாத்தம் கொடலப் புடுங்குது."

"நான் இன்னைக்குப் பூண்டத் தொடவே இல்ல" என்றான் அவன்.

குனிந்து பார்த்தேன். மேஜை ஓரத்தில், வெயில் விழுந்த இடத்தில், கடுகளவு மஞ்சள் துணுக்கு ஒன்று. அதிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று பற்றி, மரத்தில் ஒரு கறுப்புப் பொட்டை வைத்துவிட்டு அணைந்தது.

பாஸ்பரஸ் புகைந்தால் பூண்டு வாடைதான் அடிக்கும். அந்த ஓரத்தில்தான் யெட்டா வைத்தாள். துணுக்கு இங்கே இருக்கிறது, துண்டு அவளிடம் இருக்கிறது. அவள் எல்லாவற்றையும் எங்கே வைப்பாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். குழந்தையின் காலடியில், கம்பளிக்குள், கணகணப்பான இடத்தில். இல்லையென்றால் வாயில். பல்லில் தட்டிப் பார்க்கச் சொன்னது யார்? அது எரியாவிட்டாலும் விஷம்.

"ஹார்ட்முட், தீயணைப்புக்கு ஃபோன் போடு. பாஸ்பரஸ்னு சொல்லு. அந்தத் தள்ளுவண்டி எந்தப் பக்கம் போச்சு?"

அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "கரையோரமா வடக்க. அந்தப் பொண்ணு இன்னும் பொறுக்கணும்னு அடம்புடிச்சிது."

ஓடினேன். என் முழங்கால்கள் ஓடுவதற்கு லாயக்கில்லாதவை. பாதை முடிந்து கூழாங்கல் தொடங்கும் இடத்தில் விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினேன். சுண்ணாம்புச் சேற்றில் வண்டிச் சக்கரத்தின் தடம் தெரிந்தது. அந்தத் தடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எப்போது கடலிலிருந்து எடுத்தாள்? எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாள்? கம்பளி ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சும்? இதற்கெல்லாம் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கே தெரியவில்லை.

பூண்டு வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. காற்று கடலிலிருந்து வருகிறது, சுத்தமான காற்று, ஆனாலும் அந்த வாடை. பயத்தில் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் அன்று ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினார். அணையலியே, அணையலியே என்று. அவர் பெரிய ஆள். வண்டிக்குள் இருப்பதற்குப் பேசக்கூடத் தெரியாது.

பாறையின் வளைவு தாண்டியதும் எதிரே ஒரு கிழவர் நாயோடு வந்தார்.

"தள்ளுவண்டி பாத்தீங்களா? செகப்புத் தொப்பி போட்ட பொண்ணு?"

"அதோ, விழுந்த பாறைகிட்ட. கொழந்த கத்திக்கிட்டு இருக்கு, அவங்கப்பன் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கான்."

குழந்தை கத்துகிறது. அதற்கப்புறம் எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. ஜிப்பைக் கீழே இழுத்தேன், வழக்கம்போல மாட்டிக்கொண்டது. பையிலிருந்த கற்கள் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடித்தன.

வண்டி பாறை நிழலில் நின்றது. ஃபால்க் அதை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தை முகம் சிவந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, குழந்தையைக் கம்பளியோடு தூக்கினேன்.

"ஏய், என்ன பண்றீங்க?"

"புடிங்க. கம்பளிய உருவிட்டுக் கடல் பக்கம் போங்க. போங்கன்னா."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, குழந்தையை வாங்கிக்கொண்டு, கம்பளியை உதறிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நான் வண்டியை அப்படியே கவிழ்த்தேன். மெத்தை, பால்புட்டி, துணி, கற்கள். சிக்கிமுக்கி. சிக்கிமுக்கி. கோழிச்சாமி. இடிமுளை. கடல்முள்ளெலி. எல்லாம் இருந்தது, மஞ்சள் துண்டு இல்லை. கம்பளியை உதறினேன். இல்லை. ஃபால்க்கிடம் ஓடி, அவர் கையிலிருந்த குழந்தையின் காலை, தொடையை, விரலிடுக்கை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதற்குப் பசி, அவ்வளவுதான்.

யெட்டா தண்ணீர் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. முட்டி போட்டு அவள் தாடையைப் பிடித்தேன்.

"வாயத் தொற. வாயில என்ன வச்சிருக்க?"

திறந்தாள். விழுந்த பல்லின் ஓட்டையும் நாக்கும் மட்டும்தான். அவள் சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் போட்டேன். மணல்.

"அந்த மஞ்சள் கல் எங்க, கண்ணு? கடைசியா காட்டினியே. எங்க வச்ச?"

அவள் உதடு துடித்தது. நான் கோபப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். சத்தமே வராமல் ஏதோ சொன்னாள்.

"என்ன?"

"உங்ககிட்டதான் குடுத்தேன்" என்றாள். "உங்க பையில."

அவள் விரல் என் இடுப்பைக் காட்டியது. நான் குனிந்து பார்த்தேன். கோட்டின் வலது பையின் வாயிலிருந்து வெள்ளைப் புகை, நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. பூண்டு வாடை என் மூக்கில் ஒட்டவில்லை. இவ்வளவு தூரமும் நான்தான் அதைச் சுமந்துகொண்டு ஓடி வந்திருக்கிறேன், என் உடம்புச் சூட்டில் காய வைத்துக்கொண்டு. அதோடுதான் குழந்தையைத் தூக்கியிருக்கிறேன், அதன் மேல் குனிந்து தடவியிருக்கிறேன்.

அவளைப் பிடித்துத் தள்ளினேன். மல்லாந்து விழுந்தாள். ஜிப்பை இழுத்தேன், அசையவில்லை. தலை வழியாக உருவப் பார்த்தேன், தோளில் சிக்கியது. அதற்குள் பை பற்றிக்கொண்டது. தொடையில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து எடுக்காமல் நின்றுவிட்டதுபோல இருந்தது. ஃபால்க் ஓடி வந்தார்.

"கிட்ட வராதீங்க" என்று கத்தினேன். "கொழந்தையப் பாருங்க."

கடல் பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடியைக் கடந்து, வெளுத்த தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்தேன். சுர்ரென்று அடங்கியது. குளிர் மார்பில் ஏறி மூச்சை அடைத்தது. நெருப்பு போய்விட்டது, ஆனால் துண்டு போகவில்லை. பைக்குள் எங்கோ, துணியில், என் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் காயும். காய்ந்தால் பற்றும். அதனால் எழுந்திருக்கவில்லை. கல் நிறைந்த கோட்டு என்னை அலைக்குள் இழுத்தது, நான் கழுத்தளவு தண்ணீரில் பல் அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கரையில் அப்பாவும் பிள்ளைகளும் வரிசையாக நின்று பார்த்தார்கள். இங்கேயே விறைத்துச் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். பயத்தில் அழுதேன். உப்புத் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை.

ஹார்ட்முட் மீன் வெட்டும் கத்தியோடு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினான்.

"ஜிப்ப மாத்து, ஜிப்ப மாத்துன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றான். கத்தியை ஜாக்கிரதையாக என் கழுத்தோரம் நுழைத்து, கோட்டைக் கீழ்வரை கிழித்தான். அது கல்லோடு கல்லாக அடியில் போய் உட்கார்ந்தது. அவன் சொன்னபடியே.

தீயணைப்புக்காரர்கள் தொடையில் ஒட்டியிருந்ததைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டி எடுத்தார்கள். ஈரத் துணி சுற்றி, அதன்மேல் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். என் கோட்டைக் கடலடியிலிருந்து எடுத்து ஒரு தண்ணீர் வாளியில் போட்டு மூடினார்கள். என்னைப் பலகையில் கிடத்தியபோது யெட்டா வந்து பக்கத்தில் நின்றாள். தொப்பியைக் காணோம். நான் தள்ளிவிட்டதில் முழங்கை சிராய்த்திருந்தது.

"அது அம்பர் இல்லயா?"

நான் எந்தப் பிள்ளையிடமும் கல்லுக்குப் பொய்ப் பெயர் சொன்னதில்லை. "இல்ல, கண்ணு."

"நீங்க இடிமுளன்னு சொன்னீங்க. கன்னத்துல வச்சுப் பாத்தேன். சில்லுன்னு இல்ல. இதமா இருந்துச்சு. அதான் அம்பர்னு கண்டுபுடிச்சேன்."

"நீ சரியாத்தான் பாத்த. நான்தான் பாக்கவே இல்ல."

"மொதல்ல தம்பி கைல குடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "அவன் முழுங்கிட்டா? அதான் உங்களுக்குக் குடுத்தேன். உங்க கைதான் சில்லுன்னு இருந்துச்சே, இதமா இருக்கட்டும்னு."

ஃபால்க் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டதில் அது மறுபடியும் அழத் தொடங்கியது. நடக்கவில்லை என்றாலும், கைக்குழந்தையின் சின்ன முஷ்டி மஞ்சள் துண்டை இறுகப் பிடித்திருப்பதை நான் கண்ணால் கண்டேன். இன்றுவரை காண்கிறேன்.

யெட்டா குனிந்து, பலகையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்றாள்.

என்னை ஆம்புலன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவள் அதை விடவில்லை.